யாருடையது என்று மட்டும் கேட்காதீர்கள்

சிவன் சொத்து குல நாசம் என்று பயமுறுத்தித்தான் நம் பாட்டன்மார் கோயில் நிலத்தையும் நகையையும் ஓரளவுக்குக் காப்பாற்றி வைத்தார்கள். சிவனையே சொத்தாக்கி விற்கலாம் என்பது அந்த அப்பாவிகளின் புத்திக்கு எட்டவில்லை. நியூயார்க் மேடிசன் அவென்யூவுக்கு எட்டியது. அங்கே கடை போட்டவர்களுக்கும் வாங்கிப்போன கனவான்களுக்கும் குல நாசம் வந்ததாகத் தெரியவில்லை. வரிச்சலுகை வந்தது.

பழங்கலைப் பொருளுக்கு விலை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுப்பது அமெரிக்காவில் கௌரவமான தொழில். சங்கங்கள் உண்டு, தேர்வுகள் உண்டு, நடத்தை விதிகள் உண்டு. வீட்டுக் கூடத்தில் நிற்கும் சோழர் காலத்து நடராஜருக்கு விலை கேட்டு ஒருவர் போகிறார் என்று வையுங்கள். மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி, எதற்காக என்பது. காப்பீட்டுக்கு என்றால், இதே போல இன்னொன்றைக் கடையில் வாங்க என்ன ஆகுமோ அந்த விலை. உச்சாணிக் கொம்பில் நிற்கும். அப்பா இறந்து வாரிசு வரி கட்ட வேண்டுமென்றால், அவர் கண்மூடிய தேதியில் சந்தை என்ன கொடுத்திருக்கும் என்று கணக்கு. கொஞ்சம் இறங்கி வரும். அருங்காட்சியகத்துக்குத் தானம் என்றாலும் அதே சந்தை விலைதான், ஆனால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏறும். விவாகரத்து என்றால் கணவர் தரப்பா, மனைவி தரப்பா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கடன்காரன் வாசலில் நின்றால் அவசர விற்பனை விலை, அதாவது அடிமாட்டு விலை. நாம் அவரை ஐந்தொழில் புரிபவர் என்கிறோம். அங்கே அவருக்கு ஐந்து விலை.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நோக்கத்துக்கு ஏற்ப மதிப்பு மாறுவது அந்தத் தொழிலின் ஒப்புக்கொள்ளப்பட்ட இலக்கணம். அதில் மோசடி இல்லை. மதிப்பில் இத்தனை சதவீதம் என் கூலி என்று பேசிக்கொள்வதை அங்கே தொழில் விதிகள் தடுக்கின்றன. வரிக்காக மதிப்பை மிகையாக ஏற்றியது அம்பலமானால், குறைத்துக் கட்டிய வரியில் 20 முதல் 40 சதவீதம் வரை அபராதம் உண்டு. எல்லாக் கதவுக்கும் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒரு கதவைத் தவிர.

அந்தக் கதவு அறிக்கையின் பின்பக்கத்தில், நிபந்தனைகள் என்ற தலைப்பின் கீழ் பொடி எழுத்தில் இருக்கும். பொருளின் மேல் உரிமையாளருக்கு உள்ள உரிமை குறையற்றது என்று வைத்துக்கொண்டே இந்த மதிப்பீடு செய்யப்பட்டது, உரிமை குறித்து நாங்கள் ஆராயவில்லை என்கிற பொருளில் வழக்கமாக ஒரு வரி வரும். உயரத்தை அளந்தார்கள். களிம்பைக் குச்சியால் தொட்டுப் பார்த்தார்கள். திருவாசியில் எத்தனை சுடர், எத்தனை உடைந்திருக்கிறது என்று எண்ணினார்கள். இது யார் வீட்டுப் பொருள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் கட்டணம் கொடுக்க ஆள் இருக்காது.

காப்பீட்டுக்காரரும் அதே பள்ளிக்கூடம்தான். தீ பிடித்தால் பணம், தண்ணீர் புகுந்தால் பணம், ஊர் விட்டு ஊர் கண்காட்சிக்குப் போகும்போது கை உடைந்தால் பணம். திருடு போனால் பணம் நிச்சயம் உண்டு. திருடியதாக இருந்தால்? அதைச் சாதாரணப் பாலிசி ஏற்காது. கவலை வேண்டாம், அதற்கென்று உரிமைக் காப்பீடு தனியாக விற்கிறார்கள். பொருள் திருட்டாக இருக்கக்கூடும் என்ற ஐயத்துக்கும் பிரீமியம் கணக்கிடத் தெரிந்த உலகம் இது. ஐயம் வந்த பின் வாங்காமல் இருக்கத்தான் தெரியவில்லை.

தானத்தின் கதை இன்னும் புனிதமானது. அமெரிக்காவில் அருங்காட்சியகத்துக்குக் கலைப்பொருளைக் கொடுத்தால் அதன் மதிப்பை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 5,000 டாலரைத் தாண்டினால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் எழுத்துபூர்வ அறிக்கை வேண்டும். 50,000 டாலரைத் தொட்டால் வரித்துறையின் கலை ஆலோசனைக் குழுவின் பார்வைக்குப் போகலாம். 1968 முதல் இருக்கும் அந்தக் குழுவில் வியாபாரிகளும் அருங்காட்சியகக் காப்பாளர்களும் சம்பளமில்லாமல் உட்கார்ந்து விலை சரியா என்று பார்க்கிறார்கள். விலை சரியா என்று மட்டும்.

2008 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகம் உட்பட தெற்குக் கலிஃபோர்னியாவில் நான்கு அருங்காட்சியகங்களுக்குள் மத்திய அதிகாரிகள் புகுந்து சோதனை போட்டார்கள். தாய்லாந்தின் பான் சியாங் புதைகுழிகளில் தோண்டி எடுத்த பழம்பொருட்களை மலிவாக விற்று, வாங்கியவர் பெயரில் மிகையான மதிப்புச் சான்றிதழ் தயாரித்து, அருங்காட்சியகத்துக்குத் தானம் செய்ய வைத்து, வரியில் கழித்துக்கொள்ள வழி செய்தார்கள் என்பது விசாரணையில் வந்த கதை. மதிப்பு 5,000க்குச் சற்றே கீழே நிற்குமாம். எவ்வளவு அடக்கம் பாருங்கள், அந்தப் பானைகளுக்கு! கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவனை நம் ஊரில் கேலி செய்வோம். அங்கே அவனுக்கு ரசீது கொடுத்து, சுவரில் பெயர் பொறித்து, தேங்காய் விலையை இரண்டு மடங்காக்கி வரியிலும் கழித்துக் கொடுத்தார்கள்.

சட்டப்படி விற்கவே முடியாத பொருளுக்குச் சந்தை விலை உண்டா? இந்தக் கேள்விக்கு அமெரிக்க வரித்துறை ஒருமுறை பதில் சொன்னது. ராபர்ட் ரவுஷென்பெர்க் 1959இல் செய்த ‘கேன்யன்’ என்ற படைப்பில் பாடம் செய்த வெண்தலைக் கழுகு ஒன்று ஒட்டியிருக்கிறது. அந்தக் கழுகை விற்பது அங்கே குற்றம். அதை வைத்திருந்த இலியானா சோனாபெண்ட் 2007இல் இறந்ததும், வாரிசுகள் அமர்த்திய மதிப்பீட்டாளர்கள் விற்க முடியாததற்கு மதிப்பு பூஜ்யம் என்றார்கள். வரித்துறை ஆறரைக் கோடி டாலர் என்றது. யார் வாங்குவார் என்று கேட்டதற்கு, சீனாவில் ஒதுங்கி வாழும் கோடீசுவரர் எவராவது வாங்கி ஒளித்து வைத்துக்கொள்ளலாமே என்று வரித்துறைத் தரப்பில் விளக்கம் வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. தன் நாட்டுச் சட்டத்தை மீறப்போகும் கற்பனைக் குற்றவாளியை நினைத்து, அவன் கொடுக்கப்போகும் பணத்துக்கு இன்றே வரி கேட்ட அரசாங்கம்! கடைசியில் 2012இல் அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குத் தானமாகப் போய் வழக்கு தீர்ந்தது. ஒரு கழுகுக்கு இத்தனை மல்லுக்கட்டு. நம் கூத்தனுக்கு யார் கட்டினார்கள்?

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானுக்கு வாருங்கள். பிரகதீசுவரர் கோயில் பூசையில்லாமல் பூட்டிக் கிடந்தது. 2006இல் திருடர்கள் உள்ளே போய் உலோகத் திருமேனிகளை எடுத்துப் போனார்கள். போனது ஊருக்கும் அரசுக்கும் தெரிய வந்தது 2008இல். அதே 2008இல் கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் அந்த நடராஜரை 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கி, கண்ணாடிக்குப் பின்னே விளக்குப் போட்டு நிறுத்தியது. விற்றவர் மேடிசன் அவென்யூவின் சுபாஷ் கபூர். வேறு பல அருங்காட்சியகங்களுக்குத் தானமும் கொடுத்த தர்மவான்.

இந்த வியாபாரத்தில் காகிதத்துக்குக் குறைவே இல்லை. சென்னையில் கப்பலேறும்போது திருமேனி புதிதாக வார்த்த கைவினைப் பொருள். சுங்கத்துக்குச் சொன்ன மதிப்பும் அந்த லட்சணத்தில்தான். கடல் தாண்டியதும் தொள்ளாயிரம் வயது கூடிவிடும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே டெல்லியில் ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரி வாங்கிப்போனது என்று சொல்லும் ரசீதும், அவர் மனைவியின் கடிதமும் தயார். களவுபோன கலைப்பொருட்களின் பதிவேட்டை வைத்திருக்கும் லண்டன் நிறுவனத்தில், இப்படி ஒரு பொருள் காணவில்லை என்று புகார் எதுவும் இல்லை என்பதற்கு ஒரு சான்றிதழ். புகார் எப்படி இருக்கும்? பறிகொடுத்தவனுக்கே இன்னும் தெரியாதே! காணவில்லை என்று எவரும் அழவில்லை, ஆகவே இது திருட்டு இல்லை என்ற தர்க்கத்தின் மேல் 50 லட்சம் டாலர் கைமாறியது.

இத்தனை காகிதத்தையும் ஒரு புகைப்படம் கிழித்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994இல் அதே நடராஜரை ஸ்ரீபுரந்தான் கோயிலில் வைத்துப் படம் எடுத்திருந்தது. எழுபதுகளின் தொடக்கத்திலேயே நாட்டை விட்டுப் போனவர் 1994இல் அரியலூரில் எப்படி ஆடிக்கொண்டிருந்தார்? எஸ். விஜய் குமார் போன்ற தன்னார்வலர்களும் சில பத்திரிகையாளர்களும் படங்களை ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கேட்ட கேள்விகளை, கோடிக்கணக்கில் செலவழித்த கலைக்கூடமோ அதன் நிபுணர்களோ ஒழுங்காகக் கேட்கவில்லை. 2014 பிப்ரவரியில் கலைக்கூடம் தான் ஏமாற்றப்பட்டதாகக் கபூர் மேல் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. அந்த செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லியில் நடராஜரைக் கையளித்தார். கூடவே விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் வந்தார். அவரை வாங்கி வைத்திருந்தது சிட்னியில் இன்னொரு அரசுக் கூடம். கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு 2012இல் இங்கே கொண்டுவரப்பட்டவர். சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயில் வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்ட நிபுணர்கள் சிறை பார்த்ததாகச் செய்தி இல்லை.

இது கபூரோடு தொடங்கியதும் இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிவபுரத்தில் 1951இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராஜர், பழுது பார்க்கப் போன இடத்தில் நகலெடுக்கப்பட்டார். நகல் கோயிலுக்குத் திரும்பியது. அசல் கைமாறிக் கைமாறி அமெரிக்கா போய், 1973இல் நார்ட்டன் சைமன் என்ற கோடீசுவரரிடம் 9 லட்சம் டாலருக்குச் சேர்ந்தது. கடத்தி வந்ததுதான், நான் வாங்கிய ஆசியக் கலைப் பொருட்களில் பெரும்பாலானவை அப்படித்தான் என்று அவர் பத்திரிகைக்கே சொன்னார். குறைந்தபட்சம் மனிதரிடம் ஒளிவுமறைவு இல்லை. இந்திய அரசு வழக்குப் போட்டு, 1976இல் சமாதானமாகி, பத்து வருடம் உங்களிடமே இருக்கட்டும், பிறகு கொடுங்கள் என்று கையெழுத்திட்டது. சைக்கிள் திருடனிடம் எந்தக் காவல் நிலையமாவது இப்படி உடன்படிக்கை போடுமா? 1986இல்தான் வந்து சேர்ந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் வெட்கம் இன்னும் கூடும். இந்திய நீதிமன்றங்களின் கணக்கில் பிரதிஷ்டை செய்த தெய்வம் ஒரு சட்ட ஆள். சொத்து வைத்துக்கொள்ளும், வழக்குப் போடும். அதோடு, என்றைக்கும் மைனர். தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாதவர் என்பதால் நீதிமன்றமே கார்டியனாக நிற்க வேண்டியவர். இதை லண்டனே ஒப்புக்கொண்டது. தஞ்சைத் தரணியின் பத்தூரில் 1976இல் கூலித் தொழிலாளி ஒருவர் தோண்டும்போது கிடைத்த நடராஜர், சில நூறு ரூபாய்க்குக் கைமாறி, 1982இல் பம்ப்பர் என்ற கனடா நிறுவனத்துக்கு இரண்டரை லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டார். சீரமைப்புக்காகப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தபோது லண்டன் போலீஸ் கைப்பற்றியது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி கூண்டேறிச் சாட்சி சொன்னார். சிலையில் ஒட்டிய மண்ணும் கரையான் தடமும்கூடச் சாட்சி சொல்லின. சிதிலமான ஒரு தமிழ்நாட்டுக் கோயில் இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்காட முடியும் என்று தீர்ப்பாகி, 1991இல் அவர் திரும்பினார்.

ஆக, கூடத்தில் நிறுத்தி விலை போட்டுக்கொண்டிருப்பது ஒரு சொத்துக்கல்ல, சொத்தின் உரிமையாளருக்கு. அதிலும் ஒரு மைனருக்கு. களவாடிக் கடத்தி வந்த மைனரை மேசையில் நிறுத்தி, வயது பார்த்து, உறுப்பு பார்த்து, ஊனம் இருந்தால் விலையைக் குறைத்து, சான்றிதழ் எழுதிக் கொடுப்பவருக்கு வேறு தொழில்களில் என்ன பெயர் வைத்திருக்கிறோம் என்று யோசியுங்கள்.

வெளிநாட்டானைத் திட்டிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார நமக்கு யோக்கியதை உண்டா? நம் அரசுக்கும் விலை போடத் தெரியும். சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு ஒரு திருமேனியை மீட்டதும் மேசையில் துணி விரித்து வைக்கிறார்கள், பின்னால் அதிகாரிகள் வரிசையாக நிற்கிறார்கள், செய்திக்குறிப்பு வருகிறது: சர்வதேசச் சந்தையில் இதன் மதிப்பு இத்தனை கோடி ரூபாய். எந்தச் சந்தை ஐயா? நூறு வயது தாண்டிய சிலையைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 1972இல் சட்டம் போட்ட நாடு இது. கோயில் திருமேனிக்கு உள்ளூரிலும் சந்தை கிடையாது. மிச்சம் இருப்பது கபூரின் கடை ஒன்றுதான். திருடன் என்ன விலைக்கு விற்பானோ அதைத்தான் போலீஸ் நமக்கு அறிவிக்கிறது; மறுநாள் பத்திரிகைகள் அதைத்தான் தலைப்பில் போடுகின்றன. அடுத்த திருடனுக்கு இதைவிட நல்ல விலைப்பட்டியல் யார் கொடுக்க முடியும்? கள்ளத்தனமாக ஏற்றுமதி செய்தால் அந்தச் சட்டத்தில் தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு. கோடியையும் ஆறு மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எந்தத் திருடனுக்கும் கணக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

வருமான வரித்துறையும் பின்தங்கவில்லை. 2007 நிதிச் சட்டம் முதல் சிற்பமும் ஓவியமும் தொல்பொருள் தொகுப்பும் வீட்டுச் சாமான் என்ற சலுகையை இழந்து மூலதன ஆதாய வரிக்குள் வந்துவிட்டன. உறவல்லாதவர் பரிசாகக் கொடுத்து மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் வரி உண்டு. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் தேவைப்படலாம். விற்றால் எவ்வளவு, கொடுத்தால் எவ்வளவு, எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. வரியைப் பொறுத்தவரை நாம் வளர்ந்த நாடு.

வளராதது பதிவேட்டில். 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் ஒவ்வொரு கோயிலும் சொத்துப் பதிவேடு வைக்க வேண்டும் என்கிறது. நகை, வெள்ளி, பாத்திரம் முதலியவை எடையோடும் உத்தேச மதிப்போடும், திருமேனிகள் தனித்தனி விவரத்தோடும் அதில் இருக்க வேண்டும். குத்துவிளக்கின் எடையை எழுதச் சட்டம் போட்ட நாம், நடராஜரின் முகத்தைப் படமெடுத்து வைக்கும் வேலையைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு விட்டுவிட்டோம். அவர்கள் 1956இலிருந்து பொறுமையாக எடுத்து வைத்த லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இல்லாவிட்டால், ஸ்ரீபுரந்தான் எங்கள் ஊர் என்று நிரூபிக்க நம்மிடம் என்ன இருந்தது? கான்பெராவிடம் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. எல்லாம் பொய்க் காகிதம், ஆனாலும் காகிதம். மேடிசன் அவென்யூவில் திருட்டுச் சிலைக்கு இருந்த ஆவணம்கூட அரியலூரில் அசல் சிலைக்கு இல்லை.

அறநிலையத்துறைக்கு ஒரு வார்த்தை. மதிப்பீட்டாளரை அமர்த்த வேண்டாம், கோடி போட வேண்டாம். ஒவ்வொரு திருமேனிக்கும் நான்கு பக்கமும் ஒரு படம், உயரம், பழுதான இடம், கோயில் பெயர். அதைப் பூட்டி வைக்காமல் உலகம் பார்க்க வைத்துவிடுங்கள். அதன் பிறகு, யாரும் புகார் தரவில்லையே என்று லண்டனில் எவரும் சான்றிதழ் கொடுக்க முடியாது; உரிமை குறையற்றது என்று பின்பக்கத்தில் எழுதும் கை கொஞ்சமாவது தயங்கும்.

துறை செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கோயிலின் செயல் அலுவலரிடம் அறநிலையச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படியான சொத்துப் பதிவேட்டில் திருமேனிகள் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். பக்கத்தில் இருப்பது சன்னதியில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய்.